பேசினுக்குக் குழாய் வாங்கப் போகும் ஊவா தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கு

அன்புள்ள அக்காமாரே, அண்ணன்மாரே, தம்பி தங்கச்சிமாரே,

பசறை, மடூல்சீமை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை, பூனாகலை, ஹப்புத்தளை என்று ஊவாவின் தோட்டங்களில் லயத்துக் காம்பராவை விட்டு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீட்டுக்குப் போனவர்களுக்கும், அத்திவாரம் போட்டு சுவர் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பேசப் போவது குழாயைப் பற்றி. குளியலறையில் கை முகம் கழுவ வைக்கிற சின்னப் பேசினுக்கு எந்தக் குழாய் வாங்குவது என்பதைப் பற்றி.

இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று நினைக்க வேண்டாம். கூரைக்கும் கதவுக்கும் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். குழாயை மட்டும் கடைசி நாளில், கையில் மிச்சமிருக்கிற காசுக்கு, பதுளை டவுனில் முதலில் கண்ணில் படுகிற ஹாட்வெயாரில் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். ஆறு மாதத்தில் அது சொட்டத் தொடங்கும், இல்லாவிட்டால் தண்ணீரே நூலாக வரும். அப்புறம் கடைக்காரரைத் திட்டுவோம், பிளம்பரைத் திட்டுவோம். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் குழாய் நல்ல குழாய்தான். அந்த மலைக்கும் அந்தத் தண்ணீருக்கும் அது ஒத்துவரவில்லை.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தண்ணீர் என்றால் பீலி. பாறையில் ஊறி வருகிறதை மூங்கிலிலோ தகரத்திலோ ஏந்தி விட்டால் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். திறக்கவும் மூடவும் அதில் ஒன்றுமில்லை. பிறகு லயத்துக்கு ஒன்றிரண்டு பொதுக்குழாய் வந்தது. உடைந்தால் தோட்டத்து ஒப்பீசில் சொல்லி, ஆள் வரும் வரை குடத்தோடு காத்திருக்க வேண்டும். தனி வீடு அந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு முதலில் 4,000 வீடுகள் வந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2025 அக்டோபரில் நம் பண்டாரவளையிலேயே 2,000 குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. 550 சதுர அடியில் இரண்டு அறை, முன் அறை, சமையலறை, கழிப்பறை. அதற்குள் ஓடுகிற பைப்பும் குழாயும் இனி உங்கள் பொறுப்பு. அதனால்தான் கடைக்குப் போகுமுன் சில விசயங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது மலையில் இருக்கிற உங்கள் தண்ணீர்த் தொட்டியை. தோட்டங்களில் நம் தண்ணீர் பெரும்பாலும் ஊற்றிலிருந்து தொட்டிக்கு வந்து, அங்கிருந்து தன் பாரத்திலேயே கீழே இறங்கி வருகிறது. மோட்டார் இல்லை. தொட்டியின் நீர்மட்டத்துக்கும் உங்கள் பேசின் குழாய்க்கும் இடையே எவ்வளவு உயர வித்தியாசமோ அவ்வளவுதான் அழுத்தம். 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார். பைப் எத்தனை நீளம் ஓடினாலும் அழுத்தம் கூடாது. உராய்வில் குறையத்தான் செய்யும்.

இந்தக் கணக்கு கொழும்பில் பெரிதாகத் தேவைப்படாது. நமக்குத் தேவை. பதுளை டவுன் கடல் மட்டத்திலிருந்து 700 மீற்றருக்குக் கிட்ட இருக்கிறது. பண்டாரவளை 1,200-க்கு மேல், ஹப்புத்தளை 1,400-க்கு மேல், நமுனுகுலை உச்சி 2,036 மீற்றர். நம் வீடுகள் இந்தச் சரிவுகளில் படிப்படியாக இறங்குகின்றன. ஒரே ஊற்று, ஒரே தொட்டி, ஒரே பைப் லைன் என்றாலும் தொட்டிக்கு 5 மீற்றர் கீழே இருக்கிற வீட்டுக்கு அரை பார்தான் கிடைக்கும். 60 மீற்றர் கீழே இருக்கிற வீட்டில் குழாயை மூடியதும் 6 பார் நிற்கும். மேல்வீட்டு அக்கா தண்ணீர் வரவில்லை என்பார், கீழ்வீட்டு அக்கா பைப் ஜொயின்ட் பறந்துவிட்டது என்பார். இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே பெட்டிக் குழாயை வாங்கியிருப்பார்கள்.

மேல்வீட்டுக்காரர்கள், கூரைக்கு மேல் சின்னத் தொட்டி வைத்திருப்பவர்கள், இரு சாராருக்கும் சொல்கிறேன். உங்கள் தொட்டி பேசின் குழாயிலிருந்து 2 மீற்றர் மேலே இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 0.2 பார். சுடுதண்ணீரையும் குளிர்தண்ணீரையும் கலந்து தருகிற வளைந்த நீளக் கழுத்து மிக்ஸர் குழாய்களில் பல, அரை பாராவது ஒரு பாராவது இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். பெட்டியிலோ உள்ளே இருக்கிற தாளிலோ குறைந்தபட்ச அழுத்தம் எழுதியிருப்பார்கள். கடையிலேயே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். உங்களுக்குத் தேவை குளிர்தண்ணீருக்கு மட்டும் ஒரு வழி உள்ள, உள்துவாரம் அகலமான, கட்டைக் கழுத்துப் பில்லர் டெப். வாயில் வலை இல்லாதது, அல்லது வலையைக் கழற்றி வைக்கக்கூடியது.

கீழ்வீட்டுக்காரர்களுக்குச் சங்கடம் வேறு. அழுத்தம் அதிகமான லைனில் கால் சுற்றில் மூடுகிற குழாயைப் படக்கென்று தட்டி மூடினால் ஓடி வந்த தண்ணீர் அப்படியே முட்டி நிற்கும். சுவருக்குள் ‘டொம்’ என்று சத்தம் வரும். ஒவ்வொரு டொம்முக்கும் எங்கேயோ ஒரு ஜொயின்ட் இளகுகிறது. மெதுவாகத் திருகி மூடுகிற குழாய் அங்கே நல்லது. பேசினுக்கு அடியில் இருக்கிற ஏங்கிள் வால்வைப் பாதி மூடி வைத்தால் பாய்ச்சல் குறையும். ஆனால் குழாய் மூடியிருக்கும்போது நிற்கிற அழுத்தத்தை அது குறைக்காது. அதற்கு லைனின் இடையிலேயே அழுத்தம் முறிக்கிற தொட்டி கட்ட வேண்டும். அது தனி வீட்டு வேலையில்லை, லைனில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டியது.

மீற்றரும் பாரும் பிடிபடாதவர்களுக்கு ஒரு போத்தல் போதும். பேசின் வைக்கப்போகிற இடத்தில் பைப் வாயைத் திறந்துவிட்டு ஒரு லீட்டர் போத்தலைப் பிடியுங்கள். பத்துப் பதினைந்து செக்கனில் நிரம்பினால் எந்த நல்ல குழாயும் சரிவரும். அரை நிமிசம் இழுத்தால் மிக்ஸரை மறந்துவிடுங்கள். நாலைந்து செக்கனில் நிரம்பிக் கையை உதறித் தள்ளினால் திருகு குழாய்தான். இதை ஒரு தடவை ஓகஸ்டிலும் ஒரு தடவை டிசம்பரிலும் செய்யுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவா சரிவில் வீசுகிற வறண்ட காற்றுதான் நம் தேயிலைக்கு அந்தத் தனி வாசத்தைக் கொடுத்து உலகச் சந்தையில் ஊவா சீசன் என்று பெயர் வாங்கித் தருகிறது. அதே காற்றுதான் ஊற்றையும் மெலிய வைக்கிறது. வடகிழக்குப் பருவ மழையில் தண்ணீர் பெருகும், ஆனால் கலங்கி வரும். குழாய் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

கலங்கல் என்றதும் பசறைப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தது நினைவுக்கு வருகிறது. வெள்ளிபோல் மின்னுகிற மிக்ஸர் குழாய், கல்யாணத்துக்கு வந்த மொய்க்காசில் வாங்கியது. பூட்டி மூன்று மாதம்தான். தண்ணீர் ஒரு பக்கமாகச் சிதறி, பிறகு சொட்டுச் சொட்டாகிவிட்டது. வாயில் இருக்கிற வலையைத் திருகிக் கழற்றி உள்ளங்கையில் தட்டினோம். தவிட்டு நிற மண், இரண்டு மூன்று வேர்நார், அதற்குள் காக்காய்ப்பொன் துகள் வெயிலில் மினுமினுத்தது. நம் மலைப்பாறையில் காக்காய்ப்பொன் நிறைய. ஊற்றோடு வந்து கொண்டேயிருக்கும். வலையைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் பூட்டியதும் தண்ணீர் வந்தது. ஆனால் மூடிய பிறகும் சொட்டு நிற்கவில்லை. அந்தத் துகள் ஏற்கெனவே உள்ளே போய் வேலையைக் காட்டியிருந்தது.

எப்படி என்று சொல்கிறேன். கால் சுற்றில் திறந்து மூடுகிற குழாய்க்குள் இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு இருக்கும். துவாரங்கள் ஒன்றாக வந்தால் தண்ணீர், விலகினால் அடைப்பு. மிக வழவழப்பாகத் தேய்த்த வட்டுகள். சுத்தமான தண்ணீரில் பல வருசம் உழைக்கும். நடுவில் ஒரு மணல் துகள் அகப்பட்டால் வட்டில் கீறல் விழும். கீறல் விழுந்தால் சொட்டும். வட்டுள்ள உள்ளுறுப்பை முழுசாக மாற்ற வேண்டும். அதே கம்பெனி, அதே அளவு கிடைத்தால்தான் பொருந்தும். பதுளையில் கிடைக்காவிட்டால் கொழும்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

திருகு குழாய் பழைய சாமான். 1845-இல் இங்கிலாந்தின் ரொதர்ஹாமில் காப்புரிமை பெற்ற முறை. உலகமெங்கும் இன்றைக்கும் அந்த முறை ஓடுகிறது. தண்டைத் திருகினால் அடியில் இருக்கிற ரப்பர் வாஷர் இறங்கி வாயை அடைக்கும். மணல் சிக்கினால் ரப்பர் கொஞ்சம் பள்ளமாகும், அவ்வளவுதான். புது வாஷரைப் பெட்டிக்கடையில்கூட வாங்கலாம், வீட்டிலேயே மாற்றலாம். அதனால் ஊற்றுத் தண்ணீர் வருகிற வீட்டுக்கு என் தீர்ப்பு திருகு குழாய். பதுளை, பண்டாரவளை டவுனை ஒட்டி, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சுத்திகரித்த தண்ணீர் வருகிறவர்கள் பீங்கான் வட்டுக் குழாயைத் தாராளமாக வாங்கலாம்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதை நான் முக்கியமாக நினைக்கிறேன். வீட்டில் மூட்டுவலிக்கார அம்மாவோ கை நடுங்குகிற தாத்தாவோ இருந்தால் திருகு குழாய் அவர்களுக்குத் தண்டனை. இறுக்கி மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. கொழுந்து எடுத்துவிட்டு வருகிற கையையும் நினைத்துப் பாருங்கள். தேயிலைச் சாறு ஏறிக் கறுத்து வெடித்த விரல் நுனிகள், காலையில் குளிரில் விறைத்தவை. மருந்து அடித்துவிட்டு வருகிற அண்ணனின் கையோ குழாயைத் தொடவே கூடாது. அவர் தொட்ட பிடியைத்தான் அடுத்த நிமிசம் பிள்ளை தொடும். நீளமான ஒற்றைப் பிடி உள்ள குழாயாக இருந்தால் மணிக்கட்டாலோ முழங்கையாலோ தள்ளித் திறக்கலாம். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பீங்கான் வட்டு உள்ள நீளப்பிடிக் குழாயை வாங்கி, அதற்கு முன்னால் லைனில் கழற்றிக் கழுவக்கூடிய ஒரு வடிகட்டியைப் பூட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை கழுவினால் வட்டு பிழைக்கும்.

இனி உலோகம். கடை மேசையில் எல்லாக் குழாயும் ஒரே மினுமினுப்பு. மேல்பூச்சு குரோமியம், உள்ளே இருப்பதுதான் வேறு. பித்தளையாக இருக்கலாம், நாகக் கலவையாக இருக்கலாம், பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே அளவில் பித்தளை கனக்கும். அடியைத் திருப்பி, பைப் பூட்டுகிற மரையின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பூச்சு இருக்காது. மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் நிறமாக இருந்தால் பெரும்பாலும் நாகக் கலவை. அது வாங்கும்போது மலிவு. மரை மெல்ல அரிக்கப்பட்டு ஒருநாள் திருகும்போது கையோடு வந்துவிடும், மரைத் துண்டு பைப்புக்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு சுவரை உடைக்க வேண்டியதுதான். நல்ல பிளாஸ்டிக் குழாய் அதைவிட எவ்வளவோ மேல். பித்தளைக்குக் காசு போதாவிட்டால் அதையே வாங்குங்கள். துருப்பிடிக்காது, பார்க்க எளிமை, அதில் ஒரு குறையும் இல்லை. 2024 செப்டம்பர் வரை அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய்கூட இல்லை. ஒரு குழாய்க்கு எத்தனை நாள் பேர் போடுகிறோம் என்று கணக்குப் பார்த்து வாங்குவதில் வெட்கம் என்ன இருக்கிறது?

நம் மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். ஆனால் மென்னீர், அதிலும் கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ள தண்ணீர், உலோகத்தை மெல்ல அரிக்கும். இராத்திரி முழுக்கக் குழாய்க்குள் நின்ற தண்ணீரில் பித்தளையில் கலந்திருக்கிற ஈயம் கொஞ்சம் இறங்கலாம். அது பிள்ளைகளுக்கு ஆகாது. காலையில் முதல் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழுவ வைத்துக்கொண்டு, அரை நிமிசத்துக்குப் பிறகு வருவதை வாய் கொப்பளிக்கவும் குடிக்கவும் எடுங்கள். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிற இடங்களும் ஊவாவில் உண்டு, அங்கே பாறையில் சுண்ணாம்பு இருக்கும். அப்படியானால் அரிப்பு குறைவு. வாய் வலையில் சுண்ணாம்பு கட்டும், மாதம் ஒருமுறை தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும்.

குழாயின் உருவத்தைப் பேசினோடு வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பேசின் சின்னது, குழாய் மூக்கு கட்டை என்றால் தண்ணீர் பின்சுவரை ஒட்டி விழும். கையை நுழைக்க இடமிருக்காது. மூக்கு அதிகம் நீண்டால் தண்ணீர் விளிம்பில் பட்டுத் தரையில் தெறிக்கும். தண்ணீர் பேசினின் நடுப்பள்ளத்துக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். குழாயின் வாய் பேசின் விளிம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். நம் லைனில் தண்ணீர் நின்று நின்று வருகிறது. மேலே தொட்டி காலியாகி, கீழே ஒரு வீட்டில் திறந்திருந்தால் பைப்புக்குள் காற்று இழுக்கும். அந்த நேரம் உங்கள் குழாயின் வாயோ அதில் மாட்டிய ஹோஸோ அழுக்குத் தண்ணீருக்குள் முங்கியிருந்தால் அது லைனுக்குள் போய், பிறகு வேறு வீட்டுப் பிள்ளையின் கோப்பைக்கு வரும். வாளிக்குள் ஹோஸை முங்க விட்டுவிட்டுப் போகிற பழக்கத்தையும் இதற்காகத்தான் விடச் சொல்கிறேன்.

சுடுதண்ணீர் ஆசை எனக்குப் புரிகிறது. ஜனவரி விடியற்காலையில் ஹப்புத்தளையில் முகம் கழுவுகிறவர்களிடம் மிக்ஸர் வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை. ஆனால் சுடுதண்ணீர் வராத மிக்ஸருக்குக் காசு கொடுப்பதைவிட, சுவர் பூசுமுன் சுடுதண்ணீருக்குத் தாங்கக்கூடிய பைப் ஒன்றை உள்ளே போட்டு மூடி வையுங்கள். ஹீட்டர் வாங்குகிற காலத்தில் குழாயை மட்டும் மாற்றினால் போதும்.

தண்ணீர் வருவதைப் பற்றியே சொல்லிவிட்டேன், போவதையும் சொல்ல வேண்டும். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நம்மில் யாரும் மறக்க மாட்டோம். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை மாவட்டமே சரிந்து விழுந்ததுபோல் ஆனது. அவற்றுக்குக் காரணம் பெருமழை, பேசின் குழாய் அல்ல. ஆனாலும் சரிவில் இருக்கிற வீட்டில் சொட்டுகிற குழாயும், கழிவுக் குழாய் இல்லாமல் பின்பக்க மண்ணுக்குள் விடுகிற பேசின் தண்ணீரும் மழையில்லாத நாளிலும் மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கின்றன. பேசின் கழிவைக் கல் கட்டிய கானுக்கு எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டிய பக்கம் விடவே வேண்டாம்.

பண்டாரவளை, எல்ல பக்கத்து மக்களுக்குத் தண்ணீர் சொட்டுவதன் விலையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2014 டிசம்பரில் உமா ஓயா திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர்க்கசிவு தொடங்கிய பிறகு அங்கே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றி, பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. வற்றிய ஊற்றுகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் கவலை அதோடு தீரவில்லை. வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலும், சொட்டின் அளவைப் பொறுத்து ஒரு நாளில் 5 முதல் 20 லீட்டர் போகும்.

அதனால் குழாயோடு நாலு வாஷர், ஒரு திரெட் சீல் சுருள், ஒரு சின்ன ஸ்பானர் வாங்கி வீட்டில் வையுங்கள். பேசினுக்கு அடியில் ஏங்கிள் வால்வ் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு வாஷர் மாற்ற லைன் முழுக்க அடைக்க வேண்டிவரும். மாற்றுவது இப்படி: ஏங்கிள் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். பேசினின் கழிவுத் துவாரத்தைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், கழற்றுகிற ஆணி உள்ளே விழாது. பிடியைக் கழற்றி, அதற்குக் கீழே இருக்கிற மூடியை ஸ்பானரால் இடப்பக்கம் திருகினால் தண்டு முழுசாக வெளியே வரும். அதன் அடியில் பள்ளம் விழுந்த பழைய ரப்பர் இருக்கும். அதைப் பெயர்த்துவிட்டு, அதே அளவு புதியதைப் பொருத்தி, வந்த வழியே பூட்டுங்கள். பத்து நிமிச வேலை. ஆண்கள் வேலை என்று ஒதுக்காமல் தங்கச்சிமாரும் பழகிக்கொள்ள வேண்டும். கணவர் கொழும்பில் வேலை செய்கிற வீடுகள் நம்மிடையே எத்தனை இருக்கின்றன!

தோட்டத்து வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்திலும் தண்ணீர்க் குழுவிலும் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடுகளை ஒப்படைக்குமுன் லைனில் அழுத்தம் முறிக்கிற தொட்டி எங்கே, தொட்டியின் அடியில் மண்ணைக் கழுவி விடுகிற வால்வ் எங்கே என்று கேளுங்கள். மேல்வீடு, நடுவீடு, கீழ்வீடு என்று மூன்று இடத்தில் போத்தலைப் பிடித்து எத்தனை செக்கன் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதி சங்கத்துக் கோப்பில் இருக்கட்டும். வீட்டுக்காரர்கள் குழாய் வாங்க டவுனுக்குப் போகிற அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
பசறை வீதியிலிருந்து உங்களில் ஒருவன்